நுண்ணறிவு எண்ணும் வாழும் திறனும்



நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் அளவு இருந்தது. கம்பையும் சோளத்தையும் வள்ளத்தால் அளந்தார்கள். தறியிலிருந்து இறங்கிய சேலையை முழம் போட்டுப் பார்த்தார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்வோர் வெள்ளியைச் சிறு தராசில் இட்டு நிறுத்தார்கள். சேலையை வள்ளத்தால் அளக்க ஒருவன் முனைந்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். வள்ளம் பொய்யான அளவு என்பதனால் அன்று; சேலைக்கு அது உரிய அளவு அன்று என்பதனால். மனிதனை அளக்க வரும்போது மட்டும் இந்த எளிய உண்மையை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நுண்ணறிவுத் தேர்வைப் பற்றியது. ஒருவர் தம் வாழ்வைத் தாமே நடத்திக்கொள்வாரா, மாட்டாரா என்பதை அத்தேர்வில் அவர் பெற்ற எண் முடிவு செய்துவிடுமா? இதுவே கேள்வி. இக்கேள்விக்கு ஒரு காலத்தில் நான் தவறான விடை சொன்னேன். அதனால் ஒரு சிறுவனின் பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகின்றேன்.

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, இராசிபுரத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் நான் ஆசிரியனாக இருந்தேன். நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. 1997இல்தான் அது சேலத்திலிருந்து பிரிந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த எனக்கு உளநூலில் பெரும் பற்று. ஆறாம் வகுப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். எழுத்துக் கூட்டுவதே அவனுக்குப் பெரும்பாடு. கழித்தல் கணக்கு வரவே இல்லை. நான் பயின்ற கல்லூரியிலிருந்து தேர்வுப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கிவந்து அவனைச் சோதித்தேன். வண்ணக் கட்டைகளை, அட்டையில் உள்ள படத்தைப் போலக் குறித்த நேரத்திற்குள் அடுக்க வேண்டும். அவன் ஒவ்வொரு கட்டையையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மிகப் பொறுமையாக அடுக்கினான். ஒரு படத்தைச் சரியாகவே முடித்தான். ஆனால் நேரம் கடந்து முடித்தான். விதிப்படி நான் சுழி போட்டேன். முடிவில் வந்த எண் 63.

அவன் தாய் பள்ளிக்கு வந்தார். கூலி வேலை செய்பவர். தந்தை இல்லை. “எம் பையன் பொழைச்சுக்குவானுங்களா, சார்?” என்று கேட்டார். நான் ஏட்டைப் பார்த்தேன், பையனைப் பார்க்கவில்லை. “அம்மா, இவனுக்குப் படிப்பு ஏறாது. தனியாக விட்டுவிடாதீர்கள். ஆயுள் முழுவதும் யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்” என்றேன். அடுத்த ஜூன் மாதம் அவன் பள்ளிக்கு வரவில்லை. என் சொல்லை வேதவாக்காகக் கொண்டு அந்தத் தாய் அவனை நிறுத்திக்கொண்டார்.

நான் கையில் எடுத்த கருவி எங்கிருந்து வந்தது என்பதை இனிச் சற்றுப் பார்ப்போம். பாரிசு நகரில் ஆல்பிரெட் பினே என்னும் அறிஞர், தியோடர் சிமோன் என்பவரோடு சேர்ந்து, 1905ஆம் ஆண்டில் முதல் நுண்ணறிவு அளவையை வெளியிட்டார். கட்டாயக் கல்வி வந்த காலம் அது. பள்ளிப்பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கவனம் தருவதே அவருடைய நோக்கம். குழந்தையின் அறிவு மாறாத அளவுடையது, அதைப் பெருக்க இயலாது என்று சொன்னவர்களைப் பினே வன்மையாக மறுத்தார். 1911இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உடல்வயதால் வகுக்கும் முறையைச் சொன்னார். 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டெர்மன் அதை நூறால் பெருக்கி, ‘நுண்ணறிவு ஈவு’ என்று நாம் அறியும் எண்ணாக வழங்கச் செய்தார். உதவி தேவைப்படும் குழந்தையைக் காட்டப் பிறந்த கருவி, மனிதனுக்கு மாறாத விலை குறிக்கும் கருவியாக மாறத் தொடங்கிற்று.

நம் நாட்டிலும் இத்துறையில் நல்ல உழைப்பு நடந்தது. 1930களில் வி. வி. காமத் என்பவர் பினேயின் அளவையை மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு திருத்தியமைத்தார். எழுத்தறியாத குழந்தைகளைச் சொல்லால் சோதிப்பது முறையன்று என்று கண்ட சி. எம். பாட்டியா, கட்டைகளையும் படங்களையும் கொண்ட செயல்முறைத் தேர்வுகளை வகுத்து 1955இல் நூலாக வெளியிட்டார். நான் இரவல் வாங்கிய பெட்டி அதுவே. பெட்டியின் மேல் குற்றம் இல்லை. அது சொன்ன சிறு செய்தியை நான் ஒரு பெரிய தீர்ப்பாக ஆக்கியதே குற்றம்.

என்னைவிட மிகப் பெரியவர்களும் இத்தவற்றைச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாந்து என்னும் ஊரில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஹென்றி காடர்டு, 1908இல் பினேயின் அளவையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். குறைந்த எண் பெற்றவர்கள் தனித்து வாழத் தகுதியற்றவர்கள், அவர்களைச் சமுதாயத்திலிருந்து பிரித்து விடுதிகளில் வைக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். இத்தகைய எண்ணங்கள் சட்டமாகவும் மாறின. வர்ஜீனியாவில் கேரி பக் என்னும் இளம்பெண்ணுக்கு ஒன்பது வயதுக் குழந்தையின் மனவயதே உண்டு என்று தேர்வு கூறிற்று. அவளுக்கு மகப்பேறு இல்லாதபடி அறுவை செய்யலாம் என்று 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்தப் பெண் பிற்காலத்தில் மணம் புரிந்து, உழைத்து, செய்தித்தாள் படித்து, எல்லாரையும் போல வாழ்ந்தார். 1983இல் காலமானார். தேர்வு சொன்னது ஒன்று. வாழ்ந்து காட்டியது மற்றொன்று.

காடர்டு ஒரு நேர்மையான மனிதர். 1928இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டு அதை எழுதியும் வைத்தார். இத்தகையோரைத் திருத்த முடியாது என்பதும், இவர்களைப் பிரித்து அடைத்து வைக்க வேண்டும் என்பதும் தவறு என்றார். இதைவிட வியப்பு ஒன்று உண்டு. அதே வைன்லாந்துப் பள்ளியிலேயே பின்னர் எட்கர் டோல் என்பவர் வேறோர் அளவையை உருவாக்கி 1935இல் வெளியிட்டார். இவர் புதிர் கேட்கவில்லை. கட்டை அடுக்கச் சொல்லவில்லை. தானே உண்கிறானா, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொள்கிறானா, அக்கம்பக்கம் தனியே போய்வருகிறானா, கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வருகிறானா என்று கேட்டார். குழந்தையை நன்கு அறிந்த தாயிடமோ வளர்ப்பவரிடமோ கேட்டு அதை நிரப்ப வேண்டும். இதற்குச் சமூக முதிர்ச்சி அளவை என்று பெயர். நாகபுரியில் பணியாற்றிய ஏ. ஜே. மாலின் இதை நம் நாட்டுக்கு ஏற்றவாறு 89 வினாக்களாக அமைத்துத் தந்தார்.

இவ்வளவையும் நான் அன்றே அறிந்திருந்தால், அந்தத் தாயிடம் கேட்டிருப்பேன்: “உங்கள் மகன் என்னென்ன செய்வான், அம்மா?” நான் கேட்கவில்லை.

இனிக் கதையின் மறுபாதி. ஓய்வுபெற்ற பின்பு, ஒருநாள் நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஒருவர் என் கையைப் பற்றி, “சார், நல்லா இருக்கீங்களா?” என்றார். அதே சிறுவன். நாற்பதைக் கடந்துவிட்டார். அவர் வற்புறுத்தவே அவருடைய வீட்டுக்குப் போனேன். தாய் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஓட்டு வீட்டில் அவர் தனியே வாழ்ந்துவந்தார். தரை பெருக்கியிருந்தது, பாத்திரங்கள் கவிழ்த்து வைத்திருந்தன. அடுப்பை மூட்டித் தேநீர் போட்டுக் கொடுத்தார். எரிவாயு உருளையின் குமிழை மூடிவிட்டு, மூடியாயிற்றா என்று மறுமுறையும் தொட்டுப் பார்த்தார். நான் என் வீட்டில் அப்படிப் பார்ப்பதில்லை.

கோழிப்பண்ணையில் வேலை. நாமக்கல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கூண்டு வரிசையில் நடந்து முட்டைகளைத் திரட்டி அட்டையில் அடுக்க வேண்டும். ஓர் அட்டைக்கு முப்பது குழி. முப்பது வரை எண்ணத் தடுமாறியவர் அவர். ஆனால் குழி நிறைந்தால் அட்டை நிறைந்தது. எண்ணும் வேலையை அட்டையே செய்துவிடுகின்றது. கீறல் விழுந்த முட்டையை விரல் பட்டவுடன் ஒதுக்கிவிடுவார். ஒரு கோழியின் கொண்டை வெளுத்திருந்தாலும், தீவனத்தை நாடாமல் ஒடுங்கி நின்றாலும், முதலில் காண்பவர் அவரே என்று பண்ணைக்காரர் சொன்னார். என் பெட்டியில் சுழி வாங்கித் தந்த அந்தப் பொறுமைக்கு இங்கே கூலி கிடைக்கின்றது.

இவை எப்படி வந்தன? நான் சொன்னதில் பாதியைத்தான் அந்தத் தாய் நம்பினார். படிப்பு ஏறாது என்றதை நம்பினார். தனியே விடாதீர்கள் என்றதை நம்பவில்லை. ‘நான் போன பிறகு இவன் என்ன செய்வான்?’ என்ற கவலையே அவருக்கு ஆசிரியராயிற்று. ஒவ்வொரு வேலையையும் சிறு சிறு படிகளாகப் பிரித்தார். சோறு ஆக்கக் கற்பிக்கும்போது முதல் மாதம் அரிசி களைய மட்டும். அடுத்த மாதம் உலை வைக்க மட்டும். கடைக்கு அனுப்பும்போது முதலில் ஒரே பொருள், சரியான சில்லறை. பிறகு மீதி வாங்கி வருதல். பெயர் எழுதக் கற்பிக்க ஓராண்டு ஆயிற்றாம். இன்று சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியில் கற்பிக்கப்படும் முறை இதுவே. கல்லூரி வாசலை மிதியாத ஒரு தாய் அதைத் தாமே கண்டுகொண்டார்.

ரூபாய்த் தாள்களை நிறத்தால் அறியவும் கற்பித்திருந்தார். 2016 நவம்பரில் பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதவை ஆகிப் புதிய தாள்கள் வந்தபோது அவர் திகைத்துப் போனார். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் ஒரு வாரம் உட்காரவைத்துப் புதிய நிறங்களைப் பழக்கினாராம். அவருக்கு இயலாதவையும் உண்டு. அவற்றை மறைக்க மாட்டேன். வங்கிப் படிவம் நிரப்புவது தமக்கையின் மகன். ஒருமுறை தவணைக்குப் பாத்திரம் விற்க வந்த ஒருவன் அவரிடம் கையெழுத்து வாங்கி ஏமாற்றப் பார்த்தான், தெருவார் தடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் தமக்கையைக் கேட்காமல் அவர் கையெழுத்திடுவதில்லை. ஏமாந்ததிலிருந்து பாடம் கற்றவரை அறிவில்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

இது ஒருவரின் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது முறையே. எனவே ஆராய்ச்சி ஒன்றைச் சொல்கின்றேன். கலிபோர்னியாவில் அறிவு வளர்ச்சி குன்றியோர் மருத்துவமனை ஒன்றிலிருந்து வெளியேறி ஊரில் வாழ்ந்தவர்களை ராபர்ட் எட்கர்ட்டன் என்னும் மானிடவியலார் தேடிக் கண்டார். அவர்களோடு நெடுநாள் பழகி, 1967இல் நூல் ஒன்று எழுதினார். அவர்களுள் பலர் வேலை செய்தார்கள், மணம் புரிந்தார்கள், வீடு பிடித்து வாழ்ந்தார்கள். யார் நன்றாக வாழ்ந்தார் என்பதில் கண்ட முதன்மையான செய்தி, அவர்களுக்குத் துணையாக ஒரு நல்லவர் இருந்தார் என்பதே. ஒருவருக்குக் கணவர், ஒருவருக்கு முதலாளி, ஒருவருக்கு வீட்டுக்காரர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் போய்ப் பார்த்தபோது, அந்தத் துணையின் தேவையும் பலருக்குக் குறைந்திருந்தது. வாழ வாழ வாழ்க்கை பழகியிருந்தது.

இன்னொன்று பிரேசில் நாட்டில் நடந்தது. ரெசிபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளராகச் சென்று கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. அதே கணக்குகளைத் தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37 மட்டுமே. இது 1985இல் வெளிவந்த ஆய்வு. நம் சந்தைகளில் கீரைக்கட்டு விற்கும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கறிக்கு உதவும் சுரைக்காய் சில வேளை ஏட்டில் ஏறுவதில்லை என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தேர்வுகளைத் தீயிலிட வேண்டுமா? வேண்டா. பள்ளிப்பாடம் ஒரு குழந்தைக்கு எவ்வளவு விரைவில் ஏறும் என்பதை அவை ஓரளவு சரியாகவே காட்டுகின்றன. ‘சோம்பேறி’ என்று அடிவாங்கும் குழந்தைக்கு உண்மையில் வேறு வகைக் கற்பித்தல் தேவை என்று காட்டி, அடியிலிருந்து காப்பாற்றவும் செய்கின்றன. எண் மிக மிகக் குறைந்திருப்பின் ஆயுள் முழுவதும் பெருந்துணை வேண்டியிருக்கும் என்பதும் பெரும்பாலும் மெய்யே. ஆயினும் 70 என்னும் எல்லைக்கோடு வானத்திலிருந்து விழுந்ததன்று. சராசரியை 100 என்று கொண்டு மனிதர் வகுத்த கோடு அது. ஒரே பிள்ளைக்கு இன்று 68 வரலாம். வேறொரு நாள் 72 வரலாம். அளவையிலேயே ஐந்து எண் அளவுக்கு முன்பின் உண்டு என்பதை அதை வகுத்தவர்களே ஒப்புக்கொள்கின்றனர்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியில் நடந்து வந்திருக்கின்றது. 2001ஆம் ஆண்டு விதிமுறையின்படி நுண்ணறிவு ஈவே குறைபாட்டின் விழுக்காட்டைத் தீர்மானித்தது. 50 முதல் 69 வரை எண் பெற்றால் ஐம்பது விழுக்காடு. 35 முதல் 49 வரை என்றால் எழுபத்தைந்து. 20க்குக் கீழ் என்றால் நூறு. பிறகு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அறிவுசார் குறைபாடு என்பதை அறிவுச் செயலில் உள்ள குறைவு, அன்றாட வாழ்வோடு பொருந்தி நடப்பதில் உள்ள குறைவு ஆகிய இரண்டையும் சேர்த்தே வரையறுத்தது. 2018இல் வந்த விதிமுறை, விழுக்காட்டைக் கணக்கிட அந்தச் சமூக முதிர்ச்சி அளவையையே அடிப்படையாகக் கொண்டது. கட்டையை அடுக்கினானா என்ற கேள்விக்கு அடுத்து, கடைக்குப் போய்வந்தானா என்ற கேள்வி அரசாங்கச் சான்றிதழிலும் இடம்பெற்றுவிட்டது. இதனால் உதவித்தொகையும் சலுகையும் யாருக்கு என்பது மாறுகின்றது. ஆகையால் இது ஏட்டளவான வேறுபாடு அன்று.

உலகத்தோடு பொருந்தி நடக்க அறியாதவர் பல நூல் கற்றவரேனும் அறிவில்லாதவரே என்னும் கருத்தை வள்ளுவர் ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் வைத்தார். அறிவுக்கும் வாழ்வுக்கும் உள்ள உறவு நம்மவர்க்குப் புதிய செய்தி அன்று.

உயர்ந்த எண்ணும் தனி வாழ்வுக்கு உறுதி தருவதில்லை. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1100க்கு மேல் பெற்றவன். இரண்டாண்டுகள் அவன் கையில் புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் யாரும் கொடுக்கவில்லை. தொலைவில் கல்லூரிக்குப் போனவன் மூன்றாம் மாதம் மெலிந்து திரும்பி வந்தான். துணி துவைக்கத் தெரியவில்லை. பணத்தை மாத முதல் வாரத்திலேயே செலவிட்டுவிட்டான். உடல் நலம் கெட்டபோது யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஓராண்டு வீட்டிலிருந்து இவற்றைப் பழகி, மீண்டும் போய்ப் படிப்பை முடித்தான். ஒருவருக்குக் குறைந்த எண், மற்றவருக்கு உயர்ந்த எண். இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: வாழக் கற்பித்தல்.

‘தனித்து வாழ்தல்’ என்ற சொல்லையும் சற்று எண்ணிப் பாருங்கள். எவர் துணையும் இன்றி வாழ்பவர் யார்? கைப்பேசியில் பணம் செலுத்த எனக்கு இன்றும் பேத்தியின் துணை வேண்டும். அதற்காக என்னை யாரும் பிறரைச் சார்ந்து வாழ்பவன் என்று ஏட்டில் எழுதுவதில்லை. எதில் துணை வேண்டும் என்பதை அறிந்து, நம்பத் தக்கவரைக் கேட்டு, தன் நாளைத் தானே வகுத்துக்கொள்வதே தனித்து வாழ்தல். அவ்வளவும் இயலாதவரும் நம்மிடையே உண்டு. ஊட்டிவிடவும் உடுத்திவிடவும் துணை வேண்டியவர்கள் அவர்கள். அதனால் அவர்களுடைய மதிப்பு ஓர் அணுவும் குறையாது. துணை எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிடவே அளவை. மனிதரின் மதிப்பைக் கணக்கிட அன்று.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் மெல்லக் கற்கும் தோழர் இருப்பார். அவரை ‘மக்கு’ என்று அழைக்காதீர்கள். அவர் எதை நன்றாகச் செய்கிறார் என்று கவனியுங்கள். நீங்களும் சோறு ஆக்கவும், துணி துவைக்கவும், வரவு செலவு எழுதவும், தெரியாததைக் கேட்கவும் இப்போதே பழகுங்கள். உங்களுள் சிலர் நாளை ஆசிரியராகவோ மருத்துவராகவோ ஆவீர்கள். ஒரு தாய் உங்கள் முன் நின்று, “எம் பையன் பொழைச்சுக்குவானுங்களா?” என்று கேட்பார். நான் சொல்லத் தவறிய விடையை நீங்கள் சொல்லுங்கள்: “இந்த எண்ணைக் கொண்டு அதைச் சொல்ல முடியாது, அம்மா. அவன் இப்போது என்ன செய்கிறான் என்று சொல்லுங்கள். அடுத்து எதைக் கற்பிக்கலாம் என்று பார்ப்போம்.”